சிலையும் மடிச்சீலையும்

மதுரையிலிருந்து தேனிச் சாலையில் மேற்கு நோக்கிப் பிரயாணம் செய்கிறவர்கள், நாகமலையின் நீண்ட முதுகைப் பார்த்துக்கொண்டே செக்கானூரணியையும் கருமாத்தூரையும் கடந்து, ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு, பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கியபடி கண்டக்டர் "தேவர் செலையெல்லாம் எறங்கு!" என்று குரல் கொடுப்பதைக் கேட்டிருப்பார்கள். உசிலம்பட்டி வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அறிவிப்பு. ஆர்ப்பாட்டமானாலும் அந்தச் சிலையடியில், கல்யாணத்துக்கு வேன் வரச் சொல்லுவதானாலும் அங்கே, வெளியூர்க்காரருக்கு வழி சொல்லுவதானாலும் அங்கிருந்துதான் ஆரம்பம். அதே ஊரில் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகப் பல ஆண்டுகள் இருந்த பி. கே. மூக்கையாத் தேவருக்கும் சிலை உண்டு. ஆகவே, சிலை என்ற விஷயத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல உசிலம்பட்டிக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

சில காலத்துக்கு முன் அந்த ஊர்த் தேநீர்க்கடை ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தபோது, ஊர் எல்லையில் சாலையோரமாக, தூரத்திலிருந்தே தெரியும்படி, வாடிவாசலிலிருந்து பாயும் காளை ஒன்றைப் பெரிதாக நிறுத்தினால் என்ன என்று ஓர் இளைஞர் பேச்சுவாக்கில் சொன்னார். பக்கத்திலிருந்த பெரியவர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏ மருமகனே, அந்தக் காசக் கொண்டுபோயி அம்பத்தெட்டுக் கால்வாயில போட்டாலாவது கம்மாயில தண்ணி கெடக்கும். காளைக்குத் தண்ணி காட்டுறதுக்கு வழியில்ல, கல்லுக்காளை கேக்குதாக்கும்!" என்றார். "தண்ணி வந்தா ஒங்க ஊருக்கு மட்டுந்தான் மாமா தெரியும். செல இருந்தா ரோட்டுல போறவன் பூராம் நிப்பாட்டிப் படம் எடுப்பான். நாலு பேரு எறங்குனா பூக்காரிக்கும் யாவாரம்" என்றார் இளைஞர். கடைக்காரர் யார் பக்கமும் சேராமல், காசு யார் கொடுப்பது என்று மட்டும் கேட்டார். அதற்கு இருவரிடத்திலும் பதில் இல்லாததால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

வைகை அணையிலிருந்து 58 கிராமங்களின் கண்மாய்களுக்கு நீர் கொண்டுவருவதற்கான அந்தக் கால்வாய்க்காக இந்தப் பிரதேசத்து விவசாயிகள் எத்தனை வருஷங்கள் மனுக் கொடுத்தும் மறியல் செய்தும் காத்திருந்தார்கள் என்பதை அறிந்தவர்களுக்குப் பெரியவரின் கோபம் வேடிக்கையாகத் தோன்றாது. என்றாலும், என் மனத்தில் தங்கியது கடைக்காரரின் கேள்விதான். சாலையோரத்துப் பெருஞ்சிலைகளைப் பற்றி உலகெங்கும் நடக்கிற வாதங்களில் 'சிலை வேண்டுமா, வேண்டாமா' என்பதே பெரிதாக ஒலிக்கிறது. பணம் யாருடைய மடிச்சீலையிலிருந்து அவிழ்கிறது என்ற கேள்வி அதற்கடியில் மறைந்துவிடுகிறது. என் சிற்றறிவுக்கு எட்டியவரையில், இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் முதல் கேள்வி பாதிக்கு மேல் தானாகவே தீர்ந்துவிடும்.

மதுரையின் கதையையே எடுத்துக்கொள்வோம். 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில், அப்போது முதலமைச்சராயிருந்த ஜெயலலிதா, அமெரிக்காவில் நியூயார்க் துறைமுகத்தின் வாயிலில் நிற்கும் சுதந்திரதேவி சிலையைப் போன்று, மதுரையில் 100 கோடி ரூபாய்ச் செலவில் தமிழ்த்தாய்க்குப் பிரம்மாண்டமான சிலை ஒன்று எழுப்பப்படும் என்று சட்டசபையில் 110-ஆவது விதியின் கீழ் அறிவித்தார். அந்த விதியின் கீழ் மந்திரி ஓர் அறிக்கையைப் படித்தால் அதன்மேல் விவாதம் கிடையாது என்பதைப் பத்திரிகை படிக்கிறவர்கள் அறிவார்கள். நூறு கோடி ரூபாய்ச் சமாசாரம், ஆம் இல்லை என்று ஒரு வார்த்தை எதிரொலிக்காமலே, அறிக்கையாகப் பிறந்து அறிக்கையாக முடிந்தது. 2019-இல் அதற்கான டெண்டர் அறிவிப்பு வெளிவந்தபோது, அதில் கண்ட வாசகங்கள் தமிழ் மரபுக்குப் பொருந்தாதவை என்று எதிர்ப்புக் கிளம்பி, விவகாரம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரையில் சென்றது. பெருஞ்சிலை எழும்பவில்லை. 1981-இல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்த காலத்தைச் சேர்ந்த தமிழன்னைதான் தமுக்கத்தில் இன்னும் எல்லா மாலைகளையும் பெற்றுக்கொண்டிருக்கிறாள்.

இதில் எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று. சுதந்திரதேவியை உருவத்தில் முன்மாதிரியாகக் கொள்ள நினைத்தவர்கள், அவளுடைய கணக்குப் புஸ்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். சிலையைப் பிரெஞ்சு ஜனங்கள் சந்தா சேர்த்துச் செய்து அன்பளிப்பாக அனுப்பினார்கள். அதை ஏற்றி நிறுத்தும் பீடத்தைக் கட்டவேண்டியது அமெரிக்கர்களின் பொறுப்பு. நியூயார்க் மாகாணத்துச் சட்டசபை அதற்காக 50,000 டாலர் ஒதுக்கியபோது, கவர்னராயிருந்த குரோவர் கிளீவ்லாந்து கையெழுத்திட மறுத்துவிட்டார். தலைநகரத்துக் காங்கிரஸும் கையை விரித்தது. பீடம் பாதியில் நிற்க, 1885-இல் ஜோசப் புலிட்சர் என்ற பத்திரிகாதிபர், கொடுக்கிறவர் ஒரு சென்ட் கொடுத்தாலும் அவர் பெயரைத் தமது பத்திரிகையில் அச்சிடுவதாகச் சொல்லி வசூலைத் தொடங்கினார். ஐந்தே மாதங்களில் 1,20,000-க்கும் அதிகமான பேரிடமிருந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு; பாலர் வகுப்பு ஒன்று 1 டாலர் 35 சென்ட் அனுப்பியது. மறு வருஷம் அக்டோபரில் சிலை திறக்கப்பட்டபோது, ஜனாதிபதி என்ற ஹோதாவில் விழாவில் வீற்றிருந்தவர், அன்று கையெழுத்திட மறுத்த அதே கிளீவ்லாந்து! பொதுப் பணத்தைக் காத்த கையும் பூங்கொத்து வாங்கிய கையும் ஒன்றாகவே இருந்ததில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நியூயார்க் வரையில் போவானேன்? நம்முடைய கன்னியாகுமரியிலேயே, கூப்பிடு தூரத்தில் உள்ள இரண்டு பாறைகளில், இரண்டு விதமான மடிச்சீலைகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 1970-இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் மண்டபத்துக்காக ஏக்நாத் ரானடே என்பவர் தேசமெங்கும் அலைந்து, சர்க்கார்களிடம் வாங்கியது போக, ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயுமாக லட்சக்கணக்கான சாமானிய ஜனங்களிடம் வசூலித்தார். பக்கத்துப் பாறையில் 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி முதலமைச்சர் கருணாநிதி திறந்துவைத்த திருவள்ளுவர், ஆறு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட அரசாங்கச் செலவில் எழுந்தவர். 133 அதிகாரங்களுக்கு 133 அடி. அதில் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காகப் பீடம் 38 அடி. மீதி 95 அடி சிலை. கணபதி ஸ்தபதி 3,681 கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஏறக்குறைய 7,000 டன் பாரத்தைக் கடலின் நடுவில் நிறுத்தினார். 2004-இல் ஆழிப்பேரலை வந்து மோதியும் அது அசையவில்லை. இடுப்பை இலேசாகச் சாய்த்து நிற்கும் அந்தக் கல் நடராஜ விக்கிரகத்தின் ஒயிலை நினைவூட்டுகிறது என்று சொல்லாத ரசிகர் இல்லை. அரசாங்கப் பணத்தில் எழுந்ததால் அது தாழ்வு என்று சொல்ல எனக்கு நா எழாது. வள்ளுவருக்குச் செலவிட்டதை வீண் என்று சொன்னவர்கள் அக்காலத்தில் இருந்திருக்கலாம். இன்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். 2024 டிசம்பரில் இரண்டு பாறைகளையும் 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம் ஒன்று இணைத்துவிட்டது. அதன்மேல் நடப்பவர்கள் கால் கூசிக் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறார்களே தவிர, எந்தப் பாறை யார் பணம் என்று கேட்பதில்லை.

ஆகவே பொதுப் பணம் என்றாலே கூடாது என்ற கட்சியில் நான் இல்லை. வள்ளுவருக்குக் கிடைத்த பாக்கியம் எல்லாச் சிலைக்கும் கிடைப்பதில்லை என்பதுதான் சங்கடம். குஜராத்தில் 2018 அக்டோபர் 31-ஆம் தேதி திறக்கப்பட்ட பட்டேல் சிலைக்கு 182 மீட்டர் உயரம்; அந்த மாநிலச் சட்டசபையின் ஸ்தானங்களும் 182. சுமார் 3,000 கோடி ரூபாய் செலவான அந்தத் திட்டத்துக்கு, விவசாயிகள் தத்தம் பழைய இரும்புக் கருவிகளைத் தானமாக அனுப்பவேண்டும் என்று கிராமந்தோறும் வேண்டுகோள் விடுத்தார்கள். தேய்ந்துபோன மண்வெட்டியைக் கொடுத்தவன் அந்தச் சிலையைத் தன் சிலையாக எண்ணக்கூடும் என்ற யுக்தி அழகானதுதான். ஆனால் அதே 2018-இல், பொதுத்துறை எண்ணெய்க் கம்பெனிகள் ஐந்து, சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கவேண்டிய நிதியிலிருந்து 146.83 கோடி ரூபாயை அங்கே கொடுத்தது விதிகளுக்கு ஒவ்வாதது என்று கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை சுட்டிக்காட்டியது. மண்வெட்டி கொடுத்தவனுக்கு விஷயம் தெரிந்தது. பெட்ரோல் போட்டவனுக்குத் தெரியாமலே அவன் பங்கும் போய்ச் சேர்ந்தது.

சென்னையில் மெரினாக் கடலுக்குள், கருணாநிதியின் எழுத்துப்பணியை நினைவுகூர 42 மீட்டர் உயரத்துக்குப் பேனா ஒன்றை 81 கோடி ரூபாயில் நிறுவப்போவதாகத் திட்டம் வெளியானபோது, 2023 ஜனவரி 31-ஆம் தேதி கலைவாணர் அரங்கத்தில் பொதுமக்களின் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. மீனவர் தரப்பிலும் சுற்றுச்சூழல் ஆர்வலர் தரப்பிலும் ஆட்சேபங்கள் வந்தன. பள்ளிகளைச் சீர்படுத்தப் பணமில்லை என்கிற சர்க்காருக்குப் பேனா வைக்க மட்டும் பணம் எங்கிருந்து வந்தது என்று நாம் தமிழர் கட்சியின் சீமான் கேட்டார். வைத்தால் உடைப்பேன் என்றும் சொன்னார். அரங்கத்தில் எழுந்த கூச்சலைக் குறித்து அன்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கென்னவோ, வரிசையாக நின்று மைக்கைப் பிடிக்கத் தள்ளுமுள்ளுப்பட்ட அந்த ஜனங்களைப் பார்த்து ஒருவகைத் திருப்தியே ஏற்பட்டது. கடற்கரை ஒழுங்குமுறை விதி என்று ஒன்று இருந்ததனால்தானே அந்தக் கூட்டமும் நடந்தது? அதே பேனாவை மவுண்ட் ரோட்டின் முச்சந்தியில் வைப்பதாயிருந்தால் கூட்டமும் இல்லை, கேள்வியும் இல்லை.

முச்சந்தியைப் பற்றி நீதிமன்றங்கள் பேசியிருக்கின்றன. 2013 ஜனவரியில் உச்சநீதிமன்றம், பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலை நிறுவ மாநில அரசுகள் இனி அனுமதி தரலாகாது என்று உத்தரவிட்டது. கடற்கரைச் சாலையில் 2006-இல் நிறுத்தப்பட்ட சிவாஜி கணேசன், போக்குவரத்தை மறைக்கிறார் என்பதால் 2017 ஆகஸ்டில் அடையாற்று மணிமண்டபத்துக்கு இடம் பெயர்ந்தார். திருநெல்வேலி மாவட்டத்து வள்ளியூரில் காய்கறி மார்க்கெட்டின் வாயிலில் கருணாநிதிக்குச் சிலை வைக்க அனுமதி கேட்டுச் சென்ற தமிழக அரசிடம், மறைந்த தலைவர்களின் புகழுக்குப் பொதுப் பணத்தை ஏன் செலவிடவேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் கேட்டு, மனுவை ஏற்க மறுத்துவிட்டது. கடைக்காரர் கேட்ட கேள்வி கடைசியில் தில்லி வரையில் போய்விட்டது!

கட்சிப் பணத்திலும் சமூகத்தார் வசூலிலும் எழும் சிலைகளுக்கு இந்தக் கேள்வி பொருந்தாதே என்று தோன்றலாம். ஆனால் சிலையின் செலவு திறப்புவிழாவோடு முடிவதில்லை. தென் மாவட்டங்களில் சாலையோரம் நிற்கும் தலைவர்களில் எத்தனை பேர் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார்கள் என்பதைப் பஸ்ஸில் போகிறவர் எண்ணிப் பார்க்கலாம். ஒரு கையும் மூக்கும் உடைந்தால் ஒரு ஜில்லாவே எரிந்த நாட்களை நாம் மறந்துவிடவில்லை. கூண்டும் கம்பியும் காமிராவும், பிறந்தநாள் தோறும் வந்து நிற்கும் போலீஸ் வண்டிகளும் எந்தக் கணக்கில் எழுதப்படுகின்றன? யார் வைத்தாலும், காவல் எல்லாருடைய பணத்தில்தான்.

இங்கிலாந்தின் வடபகுதியில் கேட்ஸ்ஹெட் என்ற ஊரில், நெடுஞ்சாலையின் விளிம்பிலுள்ள மேட்டின்மேல், விமானத்தின் இறக்கைகளைப்போல் 54 மீட்டர் அகலத்துக்குக் கைகளை விரித்துக்கொண்டு, துருப்பிடித்த நிறத்தில் 20 மீட்டர் உயர இரும்பு உருவம் ஒன்று 1998 முதல் நிற்கிறது. ஆண்டனி கார்ம்லி என்ற சிற்பி செய்தது. எட்டு லட்சம் பவுண்டு செலவு. பெரும்பங்கு லாட்டரி நிதி. வேண்டாம் என்று ஊரார் மனுப் போட்டார்கள், பத்திரிகைகள் பரிகாசம் செய்தன. நிறுவிய சில மாதங்களிலேயே, கால்பந்து ரசிகர்கள் தங்கள் நட்சத்திர ஆட்டக்காரரின் சட்டையை ராட்சச அளவில் தைத்து அதன் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். மாலை போடுவது நம்மூர் வழக்கம். சட்டை போட்டது அவர்கள் வழக்கம். அன்றைக்கு அது அவர்களுடையதாகிவிட்டது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். லாட்டரிப் பணமாயிற்றே, ஜனங்கள் தாமாக விரும்பி இழந்த பணம், ஆதலால் கோபம் சீக்கிரம் ஆறியது என்று நான் சொன்னால் அது வெறும் ஊகம்.

இத்தனை தூரம் சுற்றிவிட்டு உசிலம்பட்டிப் பக்கம் திரும்பினால், இந்த வாதத்தை நம் கிராமத்தார் வெகுகாலத்துக்கு முன்பே ஒருவிதமாகத் தீர்த்து வைத்திருப்பது தெரியும். சாலையோரத்துப் பெருஞ்சிலை நமக்குப் புதிதன்று. கண்மாய்க்கரையில், ஊர் எல்லையில், வெயிலில் நிறம் வெளுத்து நிற்கும் அய்யனார் குதிரைகள் என்ன? புதுக்கோட்டை மாவட்டத்துக் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் முன் முப்பதடிக்கு மேல் உயர்ந்து பாயும் குதிரைக்கு மாசி மகத்தன்று காகிதப்பூ மாலைகள் மலைபோலக் குவிகின்றனவே, அதைவிடப் பெரிய சாலையடையாளம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் உண்டா?

மதுரைப் பக்கத்தில், அய்யனாருக்கு மண்குதிரை செய்து சமர்ப்பிக்கும் புரவியெடுப்பு நடக்கிற ஊர்களில் முதல் காரியம் மந்தையில் கூட்டம் போடுவது. எத்தனை குதிரை, எத்தனை உயரம், பொதுக்குதிரை எது, நேர்த்திக்கடன் குதிரைகள் யார் யாருடையவை என்பதெல்லாம் அங்கே பேசப்படும். பொதுச் செலவுக்குத் தலைக்கட்டு வரி. அதாவது, கல்யாணமான ஆண்மகன் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு என்று கணக்கிட்டு, வீட்டுக்கு இவ்வளவு என்று போடுவது. மழை பொய்த்த வருஷமானால் குதிரையின் உயரம் குறையும். அல்லது எடுப்பே மறு வருஷத்துக்குத் தள்ளிப்போகும். "நீட்டி முழக்கிப் பத்தடிங்கிறீக, ஆறடிக் குதிரைய அய்யா வேண்டாம்னா சொல்லப்போறாரு?" என்று ஒரு கூட்டத்தில் ஒரு கிழவர் கேட்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன். வரி கொடுக்கிறவன் கேட்கிறான்; கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்; விழா முடிந்த மூன்றாம் நாள் அதே மந்தையில் வரவுசெலவு வாசித்தாக வேண்டும். 110-ஆவது விதி அங்கே செல்லாது.

அந்த வழக்கத்தைப் பொன்னுலகமாகச் சித்திரிக்கவும் என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. விதவையின் வீடு தலைக்கட்டாக எண்ணப்படுவதில்லை. எண்ணினாலும் அரை வரி என்று ஒதுக்கி, கூட்டத்தில் பேச இடம் தருவதில்லை. சேரி ஜனங்களிடம் வரி வாங்குவதில்லை என்று ஊர்கள் சில விதி வைத்திருப்பதை, கேள்விப்படாத ஒருவர் சலுகை என்று நினைத்துக்கொள்ளக்கூடும். அது சலுகையன்று. காசு கேட்கப்படாமலிருப்பதைப் போன்ற அவமானம் கிராமத்தில் வேறில்லை; வரி கொடுக்காதவனுக்குக் கோயிலில் உரிமையில்லை என்பது அதன் உட்பொருள். கொடுக்கிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆண்டுக்கணக்காகப் போராடிய ஜனங்கள் இந்நாட்டில் உண்டு. சிலைக்குப் பணம் போடுவது பாரம் மட்டுமன்று, பாத்தியதையும் கூட என்பதை அவர்கள் நமக்கு முன்பே தெரிந்துகொண்டவர்கள்.

உயரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. உசிலம்பட்டிக்குச் சற்றுத் தொலைவில், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள், தமிழி எழுத்துப் பொறித்தவை, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை. ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட ஒருவனுக்காக நட்ட கல் அவற்றுள் ஒன்று. நின்றிருந்த காலத்தில் அது ஓர் ஆள் உயரமாவது இருந்திருக்குமா என்பதே சந்தேகம். மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் ஏராளமான பொருளைக் கொட்டித் தூண்களை நிறுத்தியபோது, தம் முன்னோர் உருவங்களோடு தம் உருவத்தையும் அத்தூண்களில் செதுக்கச் செய்தார். ஏறக்குறைய ஆள் அளவுதான், கைகள் கூப்பியிருக்கின்றன. செலவு செய்தவர் தம் சிலையைத் தாமே வைத்துக்கொள்வது புதிய வழக்கமன்று, ஆனால் திருமலை நாயக்கர் வைத்துக்கொண்ட அளவைச் சிலை வைக்க நினைக்கிறவர்கள் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வருவது நல்லது. பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

நான் சொன்ன அந்த ஊர்க் கூட்டத்தில் ஆறடிக்கும் பத்தடிக்கும் நடுவே, எட்டடி என்று முடிவாயிற்று. பிறகு பூசாரி கண்மாயிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துவந்து, வெற்றிலை பாக்கோடும் முன்பணத்தோடும் குதிரை செய்யும் வேளாரின் கையில் கொடுத்தார். பிடிமண் கொடுப்பது என்று அதற்குப் பெயர். வேளார் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விரலால் கொஞ்சம் பிசைந்து பார்த்து, "மணலு கூடுதலா இருக்கு, எட்டடின்னா காலு நிக்காது, இன்னும் ரெண்டு வண்டி களிமண்ணு வேணும்" என்றார். வரி நோட்டை மடியில் வைத்திருந்தவர் அதைத் திரும்பவும் பிரித்தார்.